பத்துமலையும் கெந்திங் கேபிள் காரும் ஒரே நாளில்: நாகர்கோவில்காரர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

மகள் கிள்ளானில் குடியிருக்கிறாள். அவளைப் பார்க்க மூன்று தடவை மலேசியா போய்வந்தேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காத நாட்களில் ரயிலும் பஸ்ஸும் பிடித்து, பத்துமலை முருகன் கோவில், கெந்திங் மலை என்று நானாகவே சுற்றினேன். அதிலிருந்து வடசேரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தாலும் கல்யாணப் பந்தியில் பார்த்தாலும் ஊர்க்காரர்கள் கேட்பது ஒரே கேள்விகள்தான். வாய் வலிக்கிறது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலும் சேர்த்துவிட்டேன்.

டீச்சரே, கேபிள் கார்னு சொல்லுதியளே, அது நம்ம பழனி ரோப் கார் தானே? அதுக்கு மலேசியா வரைக்கும் போணுமா?

கயிற்றில் தொங்கிக்கொண்டு போவது என்ற அளவில் ஒன்றுதான். பழனியில் கயிறே நின்றுவிடும், பெட்டியும் நிற்கும், நாம் ஏறி உட்கார்ந்த பிறகு மறுபடி ஓடும். கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் இருக்கிறது கெந்திங் மலை. அங்கே ஓடும் ‘அவானா ஸ்கைவே’ என்ற கேபிள் காரில் ஆட்களை ஏற்றக் கயிறு நிற்பதில்லை. ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் பெட்டியின் மேலுள்ள பிடி கயிற்றை விட்டுவிடும். பெட்டி மட்டும் நடை வேகத்தில் ஊர்ந்து வரும். நாம் ஏறியதும் வேகமெடுத்து, ஓடுகிற கயிற்றை மறுபடி கவ்விக்கொள்ளும்.

தூரம் 2.8 கிலோமீட்டர், நேரம் 10 நிமிடம். ஒரு பெட்டியில் 10 பேர் உட்காரலாம். கீழே முழுக்கக் காடு. இது 2016 டிசம்பரில் திறந்தது. இதற்காக மட்டும் யாரும் மலேசியா போக வேண்டாம். போனவர்கள் விடவும் வேண்டாம்.

விசாவுக்கு சென்னைக்கு அலையணுமா?

வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் 2026 டிசம்பர் 31 வரை விசா இல்லாமலே 30 நாள் வரை தங்கலாம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும். திரும்பி வரும் டிக்கெட்டும் தங்கும் இடத்தின் விலாசமும் கையில் இருக்க வேண்டும்.

ஆனால் டிஜிட்டல் வருகை அட்டை ஒன்று உண்டு. இறங்கும் நாளுக்கு முந்தின மூன்று நாட்களுக்குள் அதை இணையத்தில் நிரப்ப வேண்டும். காசு கிடையாது. எனக்கு முதல் தடவை டிக்கெட் போட்ட ஏஜென்ட் இதற்கென்று தலைக்கு ஆயிரம் ரூபாய் வாங்கிவிட்டார். அரசாங்கப் பக்கம் போலவே தோற்றம் காட்டிக் காசு கேட்கும் பக்கங்களும் இருக்கின்றன. காசு கேட்டால் அது அந்தப் பக்கம் இல்லை, அவ்வளவுதான்.

இங்கேருந்து எப்படிப் போறது? சென்னை வழியாவா?

திருவனந்தபுரத்திலிருந்தே கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு, ஏறக்குறைய நான்கு மணி நேரம். நாகர்கோவிலிலிருந்து விமான நிலையம் 70 கிலோமீட்டர்தான். ஆனால் களியக்காவிளை, நெய்யாற்றின்கரை நெரிசலை நம்பக் கூடாது. வெள்ளனே கிளம்பிவிடுங்கள்.

அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: அங்கே விடிவதே ஏழு மணிவாக்கில்தான். ஆறு மணிக்கு எழுந்து ஜன்னலைத் திறந்தால் கும்மிருட்டு. முதல் நாள் கடிகாரம் கெட்டுப்போச்சோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

ஏர்போர்ட்ல இறங்கி டவுனுக்குப் போறது டாக்ஸியா, ரயிலா?

எங்கே போக வேண்டுமானாலும் முதலில் கே.எல். சென்ட்ரல், அதாவது கோலாலம்பூர் சென்ட்ரல் ஸ்டேஷன் வந்துவிடுங்கள். ரயில்கள் பலவும் சேரும் இடம் அது. விமான நிலைய விரைவு ரயில் 28 நிமிடத்தில் கொண்டுவந்து விடும், இரண்டாம் முனையத்தில் ஏறினால் 33 நிமிடம். டிக்கெட் 55 வெள்ளி. அதே சென்ட்ரலுக்குப் பஸ்ஸும் உண்டு. அதன் டிக்கெட் ரயிலில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கும், நேரம் ஒரு மணியைத் தொடும். நான் பஸ்காரி.

‘வெள்ளி’ என்றால் ரிங்கிட். அங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு வெள்ளி நம் பணத்தில் 20 ரூபாய்க்கு மேலே வரும். ரூபாயில் கணக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தால் ஒரு சாயாகூடத் தொண்டைக்குள் இறங்காது.

ரயில்ல ஏற ஏதோ கார்டு வேணுமாம்லா?

கட்டாயமில்லை. முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கும் ‘டச் அண்ட் கோ’ கார்டு இருந்தால் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. என்ற நகர ரயில்கள், மோனோ ரயில், கொமுட்டர் என்ற புறநகர் ரயில், நகரப் பஸ் எல்லாவற்றிலும் தொட்டுவிட்டுப் போகலாம். மூன்று நாளுக்கு மேல் தங்குபவர்களுக்கு அது கொள்ளாம். ஒரு நாள் மட்டும் என்றால் அந்தந்த இடத்தில் டிக்கெட் எடுத்தால் போதும். எல்.ஆர்.டி.யில் டிக்கெட் என்பது நீல நிற பிளாஸ்டிக் காசு. உள்ளே போகும்போது தொட வேண்டும், வெளியே வரும்போது துவாரத்தில் போட வேண்டும். நினைவுப் பொருளாகப் பையில் வைத்துக்கொண்டால் கதவு திறக்காது.

கொமுட்டர் ரயிலில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது, இளஞ்சிவப்பு நிறத்தில் எழுதியிருப்பார்கள். ஆண்கள் அவசரத்தில் அதில் ஏறிவிட வேண்டாம். என் தம்பி ஏறி, அடுத்த ஸ்டேஷன் வரும்வரை தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒரே நாள்ல பத்துமலையும் கெந்திங்கும் முடியுமா, இல்ல சும்மா சொல்லுதாவளா?

முடியும். நான் செய்த கணக்கு இது. காலை 7 மணி வாக்கில் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில், அரை மணி நேரத்தில் பத்துமலை. அந்த ரயிலுக்குப் பத்துமலைதான் கடைசி ஸ்டேஷன், தவறி இறங்க வழியே இல்லை. ஒன்பதரைக்குக் கோவிலை விட்டால் பத்தேகாலுக்குச் சென்ட்ரல். 11 மணி பஸ்ஸைப் பிடித்தால் பன்னிரண்டேகாலுக்குக் கேபிள் கார் அடிவாரம். சாயங்காலம் 6 மணி பஸ்ஸில் இறங்கினால் இரவுச் சாப்பாட்டுக்கு மறுபடி சென்ட்ரல் பக்கம்.

கொமுட்டர் ரயில் அடிக்கடி வருவது இல்லை. ஒன்றை விட்டால் அரை மணி நேரம் நிற்க நேரும். அதனால் பத்துமலையில் இறங்கியவுடனே திரும்பும் ரயில் நேரத்தைப் பலகையில் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பூச வாரத்தில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. லட்சக்கணக்கில் கூட்டம். அந்த வாரம் போனால் பூசத்துக்காகப் போங்கள், கேபிள் காரை மறந்துவிடுங்கள்.

பத்துமலைல அந்தப் பெரிய முருகன் நம்ம வள்ளுவரைவிட உயரமா?

ஆமாம், ஏழு அடி. நம் திருவள்ளுவர் பீடத்தோடு சேர்த்து 133 அடி, அதில் பீடம் 38, சிலை 95. பத்துமலை முருகன் 140 அடி, 2006 ஜனவரியில் திறந்தது. சேலம் மாவட்டத்தில் 146 அடி முத்துமலை முருகன் 2022இல் வரும்வரை உலகத்திலேயே உயரமான முருகன் அவர்தான். ரயிலைவிட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது முருகன் இல்லை, பச்சை நிறத்தில் ஐம்பது அடி ஆஞ்சநேயர். சுசீந்திரத்தில் 18 அடியைப் பார்த்துக் கைகூப்பி வளர்ந்தவர்கள் நாம். அங்கே தலையை நிமிர்த்திக்கொண்டே போனால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

கோவிலைத் தொடங்கியவர் தம்புசாமிப் பிள்ளை. 1892 முதல் அங்கே தைப்பூசம் நடக்கிறது. குகைக்கு 272 படிகள். 2018இல் அத்தனைக்கும் பல வண்ணம் அடித்துவிட்டார்கள். எனக்கு அந்த வண்ணம் பிடிக்கவில்லை. கூட வந்த பேத்திக்கு முருகனைவிட அதுதான் பிடித்தது. முட்டு தெரிகிற உடையில் வரும் பெண்களைப் படியடியிலேயே நிறுத்தி, இடுப்பில் கட்டத் துணி வாடகைக்குக் கொடுக்கிறார்கள்.

எனக்கெ மாமியாருக்கு முட்டு வலி. படி ஏற மாட்டாவ. அவியளைக் கூட்டிட்டுப் போலாமா?

தாராளமாக. 272 படி அவர்களுக்கு வேண்டாம். கீழேயே முருகன் சிலை, கீழ்க்கோவில்கள், ஆஞ்சநேயர் பக்கத்து ராமாயணக் குகை எல்லாம் இருக்கின்றன. நீங்கள் ஏறி இறங்கும்வரை அவர்கள் இளநீர் குடித்துக்கொண்டு புறாக்களைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.

குரங்குதான் தொந்தரவு. ஊரிலிருந்து கொண்டுபோன ஏத்தங்காய் சிப்ஸைப் பையில் வைத்துக்கொண்டு நான் படி ஏறினேன். பாதியில் ஒரு தாய்க்குரங்கு பையைப் பிடுங்கி, உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது. கோட்டாறு கடைச் சரக்கு, அதற்கும் ருசி தெரிந்திருக்கிறது. தின்பண்டத்தை மாமியாரிடம் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.

கேபிள் காரில் அவர்களுக்குச் சிரமமே இல்லை. முதல் கேள்வியில் சொன்னபடி பெட்டி ஊர்ந்துகொண்டே இருக்கும். ஏற முடியாதவர்கள் என்று முன்கூட்டியே சொன்னால் ஊழியர்கள் மெதுவாக்கி ஏற்றிவிடுகிறார்கள். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கெந்திங் போற பஸ் எங்கே நிக்கும்? டிக்கெட் அங்கேயே கிடைக்குமா?

கே.எல். சென்ட்ரலில் கீழ்த்தளத்துக்கு இறங்கினால் கெந்திங் பஸ் கவுண்டர் இருக்கிறது. இணையத்திலும் வாங்கலாம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஓட்டம். அவானா பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவார்கள், கேபிள் கார் ஸ்டேஷன் அதை ஒட்டியே இருக்கிறது. போகும் டிக்கெட் பற்றிக் கவலையே வேண்டாம். இந்த நாளைக் கெடுப்பது திரும்பும் டிக்கெட்.

முதல் தடவை நான் போகும் டிக்கெட் மட்டும் எடுத்தேன். வருவதை மேலே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நம் ஊர்ப் பழக்கம், வடசேரியில் எந்நேரமும் ஒரு பஸ் நிற்கும்லா. அன்று பள்ளி விடுமுறை. சாயங்காலம் ஐந்தரைக்குக் கவுண்டருக்குப் போனால், இரவு ஒன்பதரைக்கு முன்னால் ஒரு இடம்கூட இல்லை. நாலு மணி நேரம் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த சீன ஆச்சி பாதி ஆரஞ்சு கொடுத்தாள். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என் பாஷை தெரியாது. அந்த ஆரஞ்சைத் தவிர அன்று சாயங்காலத்தில் நல்லதாக ஒன்றும் இல்லை.

ஆகவே காலையில் ரயிலில் ஏறுவதற்கு முன்பே இரண்டு டிக்கெட்டையும் வாங்கிவிடுங்கள். பத்துமலை போவதற்கு முன்னால், பசியாறுவதற்கும் முன்னால். கேபிள் காரில் கூட்டம் இருந்தாலும் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். பஸ்ஸில் இடம் இல்லை என்றால் இல்லைதான். திரும்பும் பஸ்ஸைச் சனி, ஞாயிறில் 6 மணிக்குப் போடுங்கள். வார நாளில் 7 மணிகூடப் பரவாயில்லை.

கண்ணாடித் தரை பெட்டின்னு ஒண்ணு உண்டாம்லா. பேடி வருமா?

இருக்கிற 99 பெட்டியில் 10 பெட்டிக்குத் தரை கண்ணாடி. அதற்குக் கட்டணம் தனி, வரிசையும் தனி. மாத்தூர் தொட்டில் பாலத்தின் மேல் 115 அடி உயரத்தில் நடந்து, கம்பிக்கு வெளியே எட்டிப் பார்த்தவரா நீங்கள்? அப்படியென்றால் ஒன்றும் ஆகாது. கன்னியாகுமரிக் கண்ணாடிப் பாலத்தில் நடுவில் நின்றுகொண்டு ‘ஐயோ’ என்றவரா? சாதாரணப் பெட்டி போதும்.

கன்னியாகுமரியில் காலுக்குக் கீழே அலை அடித்துக்கொண்டே இருக்கும், கண்ணுக்கு ஏதாவது வேலை இருக்கும். இங்கே வெறும் மரங்களின் தலை, அதன்மேல் மேகம். மேகம் மூடிவிட்டால் கண்ணாடித் தரையில் தெரிவது வெள்ளைத் துணி மாதிரி ஒன்றுதான். வானம் தெளிவாக இருந்தால் மட்டும் அதற்குக் காசு கொடுங்கள் என்பது என் கணக்கு. தூண் வரும் இடங்களில் பெட்டி ஒரு குலுக்கல் குலுக்கும். அது இயல்பு, யாரும் கத்த வேண்டாம்.

நடுவுல ஒரு கோவில்ல இறங்கலாமாமே? இறங்கினா மறுபடி டிக்கெட் எடுக்கணுமா?

நடு ஸ்டேஷன் பெயர் சின் சுவீ. சாதாரண டிக்கெட்டில் அங்கே இறங்கி, சுற்றிவிட்டு, அதே டிக்கெட்டில் மேலே போகலாம். டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான். ஸ்டேஷனிலிருந்து நகரும் படிக்கட்டுகள் அடுக்கடுக்காகக் கோவில்வரை இறங்குகின்றன. முட்டு வலிக்காரர்களுக்கும் இது நடக்கும்.

கெந்திங்கை உண்டாக்கிய லிம் கோ தோங் என்ற சீனத் தொழிலதிபர் கட்டுவித்த கோவில் அது. பாறையும் சரிவுமான இடம், முடிக்கப் பதினெட்டு வருடம் ஆனதாம், 1994இல் திறந்தார்கள். ஒன்பது அடுக்குப் பகோடா, பெரிய கல் புத்தர், பத்து நரக அறைகளைக் காட்டும் சிலைகள். நாக்கை அறுப்பது, எண்ணெய்க் கொப்பரையில் போடுவது எல்லாம் அப்படியே செய்து வைத்திருக்கிறார்கள். நம் கருடபுராணக் கதை கேட்டவர்களுக்குப் புதிதாக இருக்காது, சின்னப் பிள்ளைகளைக் கொஞ்சம் வேகமாகக் கடத்திவிடுங்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை. எந்த மதத்தவரும் போகலாம், யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், மேலே இருக்கும் கடைத்தெருவைவிட இங்கே ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கலாம்.

மேலே போய் என்னதான் பார்க்க?

கடைகள், ஓட்டல்கள், சூதாட்ட விடுதி. 7,351 அறைகளோடு கின்னஸில் ஏறிய ஓட்டல் ஒன்று, வண்ண வண்ணமாக. சூதாட்ட விடுதிக்குள் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களை விடமாட்டார்கள். என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: அந்தக் காசுக்கு மாப்பிள்ளைக்குச் சட்டை எடுக்கலாம். திறந்தவெளி விளையாட்டுப் பூங்காவுக்கு ஒரு முழுநாள் வேண்டும், இந்தத் திட்டத்தில் அது அடங்காது.

குளிருமா? ஸ்வெட்டர் எடுக்கணுமா?

மலை உச்சி ஏறக்குறைய 1,800 மீட்டர், கொடைக்கானலைவிடக் கொஞ்சம் தாழ்வு. நம்மைப் போலக் கடற்கரை வெயிலில் காய்ந்தவர்களுக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர் வேண்டும். கட்டடங்களுக்குள் ஏ.சி. வேறு.

மழை பெய்தா கேபிள் கார் ஓடுமா?

வெறும் மழைக்கு ஓடும். மின்னலுக்கும் பலத்த காற்றுக்கும் நிறுத்திவிடுவார்கள், அடங்கியதும் மறுபடி ஓட்டுவார்கள். அங்கே மத்தியானத்துக்கு மேல் இடி இடிப்பது சாதாரணம். அதனால்தான் மேலே போவதை மத்தியானத்துக்குள் முடித்து, இறங்குவதற்கு நேரத்தை மிச்சம் வைக்கச் சொல்கிறேன். 6 மணி பஸ் என்றால் 4 மணிக்கே இறங்கும் வரிசையில் நில்லுங்கள். இடையில் பெட்டி சில நிமிடம் அந்தரத்தில் நின்றால் பதற வேண்டாம். கீழே யாருக்காவது ஏறத் தாமதமாகியிருக்கும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்யுறது? நாங்க சைவமாக்கும்.

சென்ட்ரலை ஒட்டியே பிரிக்ஃபீல்ட்ஸ். இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாடு, பூக்கடை எல்லாம் இருக்கும் தமிழ்த் தெரு. காலையும் இரவும் அங்கேயே முடித்துவிடலாம். சைவக்காரர்கள் மத்தியானத்துக்குப் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். குரங்கு விஷயம் மேலே சொல்லியாயிற்று.

மலாய்க் கடையில் காய்கறி என்று கேட்டால் மட்டும் போதாது. சம்பலில் ‘பெலாச்சான்’ என்று இறாலை அரைத்துப் பதப்படுத்தியது சேர்ப்பார்கள். கூனி வாசம் தெரிந்த மூக்குக்கு உடனே பிடிபடும். மீன் சாப்பிடுபவர்களுக்கு நாசி லெமாக் நல்ல பசியாறல். தேங்காய்ப்பால் சோறு, மேலே பொரித்த நெத்தோலி. குளச்சல்காரர்கள் குறை சொல்ல மாட்டார்கள்.

இங்கிலீஷ் தெரியாது. தமிழ் வச்சு சமாளிச்சிரலாமா?

பத்துமலையிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் தமிழே போதும். அங்குள்ளவர்கள் ‘பசியாறியாச்சா’ என்றுதான் விசாரிப்பார்கள். கெந்திங்கில் முடியாது. அங்கே பலகையில் நாலு மலாய்ச் சொல் தெரிந்தால் போதும்: ‘மாசோக்’ உள்ளே போக, ‘கெலுவார்’ வெளியே போக, ‘தண்டாஸ்’ கழிப்பறை, ‘வனிதா’ பெண்கள். கடைசிச் சொல் நமக்குத் தெரிந்ததுதான்.

நாலு பேரு சேர்ந்தா கார் எடுத்துப் போறது லாபம்னு ஒரு ஏஜென்ட் சொல்லுதான். உண்மையா?

சில நேரம் உண்மை. நாலு பேர், அதில் இரண்டு பேர் வயதானவர்கள் என்றால், பத்துமலையிலிருந்து நேராக அவானாவுக்குச் செயலியில் கார் பிடிப்பது நல்லது. சென்ட்ரலுக்குத் திரும்பி வரும் முக்கால் மணி நேரம் மிச்சம். திரும்பி வரப் பஸ் டிக்கெட் முன்பே இருக்கட்டும். மலைமேல் சாயங்காலம் கார் கிடைப்பதும் கிடைக்காததும் அவனவன் ராசி. நாள் முழுக்க ஒரே கார் என்றால், டிரைவர் உங்களைச் சாக்லேட் கடை, கைக்கடிகாரக் கடை என்று இறக்குவார். அதைக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

அன்னிக்கு ராத்திரியே ஊருக்கு ஃப்ளைட். பெட்டியோட போய்ட்டு அப்படியே ஏர்போர்ட் போயிரலாமா?

நள்ளிரவுக்கு மேல் விமானம் என்றால் முடியும், அதற்கு முன்னால் என்றால் பத்துமலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்டியைச் சென்ட்ரலில் காசு கொடுத்து வைக்கும் லாக்கரில் பூட்டிவிட்டுப் போங்கள். கேபிள் காரில் பெரிய பெட்டியோடு ஏறினால் உங்களுக்கும் அவதி, எதிரில் இருப்பவருக்கும் அவதி.

திரும்பும் பஸ்ஸை அன்று மட்டும் 4 மணிக்குப் போடுங்கள், அதற்கேற்பச் சின் சுவீயையும் உச்சியையும் சுருக்குங்கள். ஐந்தரைக்குச் சென்ட்ரல் வந்து சேர்ந்தாலும், நகருக்குள் நுழையும் இடத்தில் நெரிசலில் ஒரு மணி நேரம் போனாலும் தப்பிக்கலாம். அன்றைக்கு மட்டும் நான்கூட ஏர்போர்ட்டுக்கு பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலில்தான் போவேன். லாக்கர் சாவிச் சீட்டைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள், சிப்ஸ் பையோடு வேண்டாம்.